பிள்ளைகளின் பல்லும் வீட்டுச் சாப்பாடும்



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் டயாலிசிஸ், இருதய சிகிச்சை, பிரசவச் செலவு என்றுதான் இருக்கும். சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு விண்ணப்பம் வேறு மாதிரி இருந்தது. நாலரை வயதுச் சிறுவன். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கரைந்து, ஈறோடு ஒட்டிய கறுப்புக் கட்டைகளாக நின்றன. கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியிருந்தது. மூன்று இரவுகளாக அவனும் தூங்கவில்லை, அவனுடைய உம்மாவும் தூங்கவில்லை. இத்தனை சிறு பிள்ளை வாயைத் திறந்தபடி உட்கார மாட்டான், மயக்க மருந்து கொடுத்துத்தான் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அல்ஹம்துலில்லாஹ், சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்று அந்தச் சகோதரி கேட்ட கேள்வி எங்களை விட்டு அகலவில்லை. "நாங்க பிள்ளைக்கு மிட்டாயே வாங்கிக் கொடுக்கறதில்லை. அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?"

அவர் சொன்னது உண்மைதான். அந்த வீட்டில் மிட்டாய் வாங்குவதில்லை. அப்படியிருந்தும் பல் ஏன் சொத்தையானது? இந்த மாதப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வாய்க்குள் நடப்பது என்ன?

நம் எல்லோர் வாயிலும் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. அவை பல்லின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் பல் வழவழவென்று இருக்கிறதே, அதுதான் அந்தப் படலம். நாம் இனிப்பாக எதையாவது சாப்பிட்டால் அந்தக் கிருமிகளும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டு அவை வெளியேற்றுவது அமிலம்.

பல்லின் மேல்பூச்சான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனாலும் அமிலத்தின் முன்னால் அது தாக்குப்பிடிக்காது. இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களிலேயே எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. அல்லாஹ் இதற்கு ஒரு பாதுகாப்பையும் வைத்திருக்கிறான்: நம் உமிழ்நீர். அது அமிலத்தைக் கழுவி, கரைந்த சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லுக்கே திருப்பிக் கொடுக்கிறது. இந்த வேலைக்கு அதற்கு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை தேவைப்படும். 1940களிலேயே ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல்லின் மேல் அமிலம் ஏறி இறங்குவதை அளந்து காட்டியிருக்கிறார்.

ஆக, பல் தினமும் கரைகிறது, தினமும் சீராகிறது. சீராவதற்கு நேரம் கிடைத்தால் பிரச்சினை இல்லை. நேரமே கிடைக்காவிட்டால் முதலில் வெள்ளைப் புள்ளி விழும், பிறகு பழுப்பாகும், பிறகு குழியாகும்.

எத்தனை தடவை என்பதே கேள்வி

"ஒரு நாளைக்கு எவ்வளவு இனிப்பு?" என்றுதான் நாம் கேட்போம். அதைவிடப் பல்லுக்கு முக்கியமான கேள்வி, "எத்தனை தடவை?" என்பது.

1945ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் விபெஹோல்ம் என்ற மருத்துவமனையில் ஓர் ஆய்வு தொடங்கியது. மனவளர்ச்சி குன்றியவர்களைப் பராமரித்த இடம் அது. அவர்களின் சம்மதமில்லாமலே அவர்களுக்கு இனிப்பைக் கொடுத்துப் பல் சொத்தையாகிறதா என்று பார்த்தார்கள். செய்த முறை பெரும் அநியாயம், இன்று எந்த நாடும் அதை அனுமதிக்காது. ஆனால் அதில் தெரியவந்த உண்மை பல் மருத்துவத்தையே மாற்றியது. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்புச் சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. பல்லில் ஒட்டும் டாஃபி மிட்டாயைச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுநடுவே சாப்பிட்டவர்களுக்கோ சொத்தை மிக வேகமாகப் பெருகியது.

இதை நம் வீட்டுக் கணக்கில் சொல்வோம். சபரிலிருந்து வந்த மாமா ஒரு பை நிறைய சாக்லேட் கொண்டுவந்திருக்கிறார். ஒரு பிள்ளை மதியச் சாப்பாடு முடிந்ததும் மூன்று சாக்லேட்டைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துவிடுகிறது. இன்னொரு பிள்ளை அதே மூன்றை நான்கு மணிக்கு ஒன்று, ஐந்து மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று என்று தின்கிறது. இருவரும் தின்றது ஒரே அளவு. முதல் பிள்ளையின் பல் ஒரு தடவைதான் கரைந்தது. இரண்டாவது பிள்ளையின் பல் மாலை முழுவதும் கரைந்துகொண்டே இருந்தது.

ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

எங்கள் தாய்மார்கள் வகுப்பில் நாங்கள் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். நேற்று காலை முதல் இரவு வரை பிள்ளையின் வாய்க்குள் தண்ணீர் தவிர என்னென்ன போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். நம் ஊரில் ஆறு வயதுப் பிள்ளையின் சாதாரண நாள் ஒன்று ஏறக்குறைய இப்படி இருக்கும்:

காலையில் எழுந்ததும் சீனி போட்ட டீயும் இரண்டு பிஸ்கட்டும். பள்ளிக்கூட இடைவேளையில் கிரீம் பிஸ்கட். பள்ளிவிட்டு வந்ததும் பாக்கெட் ஜூஸ். மதரஸாவுக்குப் போகும் வழியில் கடையில் ஜவ்வு மிட்டாய். ஓதி முடித்து வந்ததும் டீயும் ரஸ்க்கும். வாப்பா கடையடைத்து வரும்போது ஒரு சாக்லேட். படுக்கப்போகும்போது மால்ட் பவுடரும் சீனியும் கலந்த பால்.

ஏழு தடவை. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் என்றாலும் மூன்றரை மணி நேரம் அந்தப் பற்கள் அமிலத்தில் ஊறியிருக்கின்றன. இதில் "மிட்டாய்" என்று நாம் சொல்லக்கூடியது ஒன்றோ இரண்டோதான். மற்றவை எல்லாம் நம் கணக்கில் வராத இனிப்பு.

இன்னும் சிலவும் நம் கணக்கில் வருவதில்லை. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம், தேன் ஆகியவை நல்லவை என்று நினைக்கிறோம். வாய்க்கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதற்கு எல்லாமே சர்க்கரைதான். (ஒரு வயது முடியும் வரை குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது வேறு ஓர் ஆபத்தான நோய்க்கு இடமாகும்.) இருமல் சிரப்பிலும் சர்க்கரை இருக்கலாம். மருந்தை நிறுத்த வேண்டாம், கொடுத்த பின் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸ் இனிக்காது, ஆனால் மாவாகிப் பல்லிடுக்கில் ஒட்டி, சிறிது நேரத்தில் சர்க்கரையாக மாறுகிறது.

அளவும் முக்கியம்தான். வயதுக்கேற்ற சர்க்கரை அளவை இங்கிலாந்தின் சுகாதாரத் துறை இப்படிச் சொல்கிறது: 4 முதல் 6 வயதுவரை நாளொன்றுக்கு 19 கிராமுக்கு மேல் கூடாது, 7 முதல் 10 வயதுவரை 24 கிராமுக்கு மேல் கூடாது. முழுப் பழத்திலும் வெறும் பாலிலும் இயற்கையாக உள்ள இனிப்பு இந்தக் கணக்கில் சேராது. நாம் போடும் சீனி, தேன், பழச்சாறு எல்லாம் சேரும். ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 4 கிராம். வழக்கமான கோலா 200 மில்லி குடித்தாலே 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை உள்ளே போய்விடும். ஆறு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் கணக்கு அதோடு முடிந்தது. பாக்கெட்டின் பின்புறம் 'ஆடட் சுகர்ஸ்' என்ற வரியில் உள்ள கிராமை நாலால் வகுத்தால் எத்தனை கரண்டி என்று தெரிந்துவிடும். வீட்டில் மூத்த பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், ஆர்வமாகச் செய்யும்.

இரவுப் பால்

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். அவர் வீட்டில் மிட்டாய் இல்லை. ஆனால் பிள்ளை பால் புட்டியை வாயில் வைத்தபடிதான் தூங்குவான். நடுஇரவில் அழுதால் மறுபடியும் புட்டி. பாலில் சீனி. நான்கு வயது வரை இது தொடர்ந்திருக்கிறது.

தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். கழுவுவதற்கு ஆள் இல்லாத நேரம் அது. அந்த நேரத்தில் வாயில் தேங்கும் இனிப்புப் பால் மேல் முன்பற்களைச் சுற்றி மணிக்கணக்கில் நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அந்தச் சிறுவனுக்கு மேல் பற்கள் நான்கும் போய், கீழ் முன்பற்கள் நன்றாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அந்தத் தாய் செய்தது அலட்சியம் அல்ல. பிள்ளை பசியோடு தூங்கக் கூடாது என்ற பாசம். ஆகவே யாரையும் குறை சொல்லாமல், செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறோம்.

ஆறு மாதத்திலிருந்தே சிறு டம்ளரில் குடிக்கப் பழக்குங்கள். ஒரு வயதை ஒட்டிப் புட்டியை நிறுத்திவிடுங்கள். பாலுக்குச் சீனி தேவையில்லை. சீனியை அறியாத பிள்ளை அதைக் கேட்காது. ஏற்கெனவே பழகிவிட்டதென்றால், ஒரேயடியாக நிறுத்தாமல் சில நாட்களுக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைத்து வாருங்கள். இரவுப் பாலைச் சாப்பாட்டோடு கொடுத்து, பல் தேய்த்து, அதன் பிறகு தண்ணீர் மட்டும் என்று வழக்கமாக்குங்கள். தாய்ப்பால் குழந்தைக்கு எல்லா வகையிலும் சிறந்தது. பல் முளைத்த பின், படுக்கும் முன் ஒரு தடவை பல்லைச் சுத்தம் செய்துவிட்டால் போதும், தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

"பால் பல்தானே, விழப் போகிறது!"

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சமாதானம் இது. பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கும், உண்மைதான். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. நாலு வயதில் அவை சொத்தையானால், அந்தப் பிள்ளை ஆறேழு வருடம் சரியாக மெல்ல முடியாது. இறைச்சியும் காய்கறியும் ஒதுக்கி, மெத்தென்ற பிஸ்கட்டையும் டீயில் நனைத்த ரொட்டியையும் தேடும். அதனால் சொத்தை இன்னும் கூடும். பால் பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்கு நகர்ந்து, பின்னால் வரும் நிலையான பல் கோணலாக முளைக்கும்.

இன்னொரு விஷயம் பல தாய்மார்களுக்குப் புதிதாக இருக்கும். ஆறு வயதை ஒட்டிக் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் இதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறோம். அது ஆயுள் முழுவதற்குமான பல். போனால் மறுபடி வராது. உங்கள் பிள்ளைக்கு ஆறு வயது என்றால் இன்றே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

பல்லுக்கு வேண்டிய சாப்பாடு

பால் பற்கள் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்குகின்றன. நிலையான பற்கள் பிறந்தது முதல் சுமார் எட்டு வயது வரை தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அதனால் கர்ப்பிணிப் பெண்ணின் தட்டும், சின்னப் பிள்ளையின் தட்டும் பல்லுக்கான தட்டுகள்தான்.

கால்சியத்துக்குப் பாலும் தயிரும் மோரும் நல்லவை. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதைச் சீனி போட்டுக் காய்ச்சாமல், மோரும் உப்பும் சேர்த்துக் கூழாகக் கொடுங்கள். முருங்கைக்கீரை, எள் இரண்டும் மலிவானவை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி: நெத்திலி போன்ற பொடிமீனை முள்ளோடு மென்று தின்னலாம். முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றில் பல்லுக்கு வேண்டிய மற்றச் சத்துகள் கிடைக்கும். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயிலில் விளையாட விடுங்கள். ஈறு உறுதியாக இருக்க கொய்யாவும் நெல்லிக்காயும் போதும்.

சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே பசித்தால்? அவித்த சுண்டல், அவித்த முட்டை, வெள்ளரித் துண்டு, கேரட், கொய்யாத் துண்டு, தேங்காய்ச் சில்லு, உப்பிட்ட மோர். இவற்றில் பல பாக்கெட் பிஸ்கட்டைவிடச் செலவு குறைந்தவை. மெல்லும்போது உமிழ்நீரும் நன்றாகச் சுரக்கும். கடலை, பச்சைக் கேரட், தேங்காய்ச் சில்லு போன்ற கடினமானவற்றை நாலைந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளிடம் முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

"மிட்டாய் தின்றால் பல்லில் பூச்சி பிடிக்கும்" என்று பயமுறுத்தினால் பிள்ளை ஒளித்துவைத்துத் தின்னும். கண்ணால் பார்த்தால் நம்பும். வீட்டில் ஒரு முட்டையை எடுங்கள். ஒரு டம்ளரில் வினிகர் ஊற்றி அதில் போட்டு வையுங்கள். ஓடு முழுவதும் குமிழி கிளம்பும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஓடு கரைந்து முட்டை மெத்தென்று ஆகியிருக்கும். முட்டை ஓடும் பல்லும் ஒரே பொருள் அல்ல, ஆனால் இரண்டிலும் இருப்பது சுண்ணாம்புச் சத்து, இரண்டையும் கரைப்பது அமிலம். "நீ மிட்டாய் தின்றதும் உன் வாயில் இதுபோல் கொஞ்சம் நடக்கிறது" என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். (அந்த முட்டையைச் சாப்பிடக் கூடாது.)

இனிப்பை அடியோடு தடுக்கச் சொல்லவில்லை. "இனிப்பு உண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு" என்று வீட்டில் ஒரு சட்டம் வையுங்கள். உம்மம்மா முதல் சபரிலிருந்து வரும் மாமா வரை எல்லோரும் அதை மதிக்க வேண்டும். மதரஸா உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சூரா மனப்பாடமானதற்குப் பரிசாக மிட்டாய்க்குப் பதில் ஒரு பென்சில், ஒரு ஸ்டிக்கர் கொடுத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்வதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது நாம் அறிந்ததே. ஒளு செய்யப் பழகும் வயதிலேயே வாயைக் கவனமாகக் கொப்பளிக்கவும் பழக்குங்கள். மிஸ்வாக் குச்சியால் கடைவாய்ப் பல்லை எட்டச் சிறுவர்களுக்குக் கை வராது. ஆகவே அதோடு பிரஷ்ஷும் ஃபுளோரைடு உள்ள பற்பசையும் காலை ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை வேண்டும். மூன்று வயது வரை அரிசி மணி அளவு பசை, அதன் பின் பட்டாணி அளவு. துப்பிய பின் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் இருப்பவர்கள் பற்பசை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரமலான் மாதம்

நோன்புக் கஞ்சி நம் முன்னோர் தந்த நல்ல உணவு. அரிசியும் பருப்பும் வெந்தயமும் சேர்ந்தது, சீனி இல்லாதது. பேரீச்சம்பழம் சத்தானது, ஆனால் பல்லில் ஒட்டும். நோன்பு திறக்கும்போது அதைத் தின்று தண்ணீர் குடித்துக் கஞ்சியும் குடித்தால் பல்லுக்குக் கெடுதல் குறைவு. பாதகம் செய்வது அதற்குப் பிறகு நடப்பதுதான்: ரோஸ் சர்பத்தைத் தராவீஹ் வரை மிடறு மிடறாகக் குடிப்பது, தொழுதுவிட்டு வந்து கடல்பாசி, நள்ளிரவில் ஐஸ்கிரீம், ஸஹர் முடிந்ததும் பல் தேய்க்காமல் தூங்குவது. இனிப்பை இஃப்தாரோடு முடித்துக்கொள்ளுங்கள். ஸஹர் நேரம் முடியும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பிள்ளைகளைப் பல் தேய்க்க வையுங்கள்.

மருத்துவரிடம் எப்போது?

ஒரு வயது முடிவதற்குள் ஒரு முறை காட்டுவது நல்லது. மேல் பல்லில் ஈறோரமாகச் சுண்ணாம்பு தடவியது போல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். அந்தக் கட்டத்தில் வலிக்காது. அப்போதே கவனித்தால் உணவு மாற்றத்தாலும் ஃபுளோரைடாலும் அதை நிறுத்திவிட முடியும். குழி விழுந்த பின் அது தானாக மூடாது. கன்னம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவை நாடலாம். 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவினர் பல்லையும் பார்க்கிறார்கள். அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த மாதப் பயிற்சி

இந்த வாரம் ஒரு நாள், பிள்ளையின் வாய்க்குள் இனிப்புப் போன தடவைகளை எண்ணி எழுதுங்கள். அடுத்த வாரம் அதில் இரண்டைக் குறையுங்கள். முதலில் குறைக்க வேண்டியது இரவில் பல் தேய்த்த பிறகு கொடுப்பதை. மாதக் கடைசியில் மறுபடி எழுதுங்கள். அடுத்த தாய்மார்கள் வகுப்புக்கு இரண்டு தாள்களையும் கொண்டுவாருங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம்.

அந்தச் சகோதரிக்கு இன்னொரு பிள்ளையும் இருக்கிறாள், ஒன்றரை வயது. சென்ற வகுப்புக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "புட்டிய விட்டு மூணு வாரமாச்சு. முதல் நாலு ராத்திரி நல்லா அழுதா. இப்ப டம்ளர்ல தண்ணி குடிச்சிட்டுத் தூங்கிடுறா" என்றார். அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மேலே நான்கு பற்கள், வெள்ளை வெளேரென்று.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் நல்ல உடல்நலத்தைத் தருவானாக. ஆமீன்.